சுவர் ஈரமா? முதலில் முற்றத்தைப் பாருங்கள்

மட்டக்களப்பு நகருக்குக் கிட்ட, வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வீடு 1920களில் அம்மம்மாவின் அப்பா கட்டியது. கருங்கல் அத்திவாரம் தரைக்கு மேல் 2 அடி தெரிகிற மாதிரி எழும்பியிருக்கிறது, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய 14 அங்குலச் செங்கல் சுவர்கள். 1978 சூறாவளி கூரை ஓடுகளைக் கொண்டுபோனபின் சீற் போட்டிருக்கிறார்கள். 2011 வெள்ளத்துக்குப் பிறகு, இனித் தண்ணீர் நிற்கக்கூடாது என்று முற்றத்துக்குக் கிறவல் கொட்டி ஒன்றரை அடி உயர்த்தியாயிற்று. நான்கு வருடத்துக்கு முன் சுவரின் அடிப்பகுதி உதிர்கிறது என்று பழைய சுண்ணாம்புப் பூச்சை 4 அடி வரை கொத்தி எடுத்துவிட்டு, தண்ணீர் புகாத மருந்து கலந்து சீமெந்து பூசினார்கள். இப்போது ஈரம் 5, 6 அடியில் வந்து நிற்கிறது, பெயின்ற் செதில் செதிலாக வருகிறது, சீமெந்துப் பூச்சைத் தட்டினால் பொள்ளென்று கேட்கிறது. குசினி ஜன்னலுக்கு மேலே சரிவாக ஒரு வெடிப்பும் உண்டு. மேசன் "6 அடி வரைக்கும் டைல்ஸ் அடிச்சா பிரச்சினை முடிஞ்சுது" என்கிறார். கனடாவிலுள்ள அண்ணன், சீற்றைக் கழற்றி இந்தச் சுவர்மேலேயே சிலாப் போட்டு மேலே இரண்டு அறை எடுப்போம், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் இடிப்போம் என்கிறார். இது போதாதென்று மேற்குப் பக்கத்து 6 அடி மதில் இவர்கள் வளவுக்குள் சாய்கிறது. பக்கத்து வளவு மாமியோ, பத்து வருடத்துக்கு மேலாக நாங்கள்தான் வெள்ளையடிக்கிறோம், மதில் எங்களுடையது, தொடாதே என்கிறார்.

"வீட்டின் காலம் முடிந்துவிட்டதா, மேசன் ஏமாற்றுகிறாரா, நூறு வருட வீடென்றால் தொல்பொருள் திணைக்களத்தில் அனுமதி எடுக்க வேண்டுமா?" இவைதான் அவருடைய கேள்விகள். விறாந்தைத் தூண்களுக்கு எனாமல் பெயின்ற் அடிக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி.

இனி உங்களிடமே நேரே சொல்கிறேன். வீட்டின் காலம் முடியவில்லை. மேசன் ஏமாற்றவும் இல்லை, அவர் படித்த தொழில் சீமெந்துத் தொழில், அதைத்தான் செய்தார். ஆனால் டைல்ஸ் அடிக்க மட்டும் விடாதீர்கள்.

ஈரம் எங்கேயிருந்து வருகிறது

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக எடுக்காமல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது: அந்த ஒன்றரை அடிக் கிறவல். கட்டினவர் 2 அடி உயரத்துக்குக் கருங்கல்லை வைத்தது அழகுக்கு இல்லை. கருங்கல் தண்ணீர் குடிக்காது, செங்கல் குடிக்கும், அதனால் செங்கல்லை நிலத்திலிருந்து விலக்கி வைத்தார். நீங்கள் முற்றத்தை உயர்த்தியபோது செங்கல்லுக்கும் நிலத்துக்கும் இடையில் இருந்த அந்த 2 அடி அரை அடியாகிவிட்டது. மாரியில் கிறவல் ஊறி நிற்கும் தண்ணீர் கருங்கல் மூட்டுக்குள் இருக்கும் சாந்து வழியாக ஏறி, விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல்லுக்குள் போகிறது. அதற்குமேல், ஓட்டுக் கூரைக்கு இருந்த நீண்ட தாவாரம் சீற் போட்டபோது குறைந்திருக்கும், பீலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பீலி இல்லாவிட்டால் கூரைத் தண்ணீர் முழுவதும் சுவரடியில் விழுந்து தெறிக்கிறது.

நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சாதாரணமாக 3, 4 அடிக்கு மேல் போகாது, ஏனென்றால் ஏறுகிற வழியிலேயே சுவரின் இரண்டு பக்கத்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். நீங்கள் பூசிய சீமெந்து வழிவிடாது. போக இடமில்லாத ஈரம், பூச்சு முடிகிற இடத்தைத் தேடி மேலே ஏறியிருக்கிறது, 4 அடியில் முடித்தீர்கள், 5 அடியில் வந்தது. டைல்ஸை 6 அடிக்கு அடித்தால் 7 அடியில் வரும், அப்புறம் கூரை மரத்தைத் தொடும்.

சுவரில் பூக்கும் வெள்ளைத் தூளுக்கும் இதே கதைதான். வாவிக்கரை மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு உண்டு, பக்கத்தில் மலகூடக் குழி இருந்தால் அதிலிருந்து வேறொரு வகை உப்பு. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு பளிங்காகி வளரும். சுவரின் வெளிப்பரப்பில் வளர்ந்தால் துடைத்துவிடலாம், பூச்சுக்குப் பின்னால் வளர்ந்தால் செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும். நீங்கள் கேட்ட பொள்ளென்ற சத்தம் அங்கே வெறுமையாகிவிட்டது என்பதற்கு அடையாளம். அந்த வெள்ளையைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். அசிட் போட்டுக் கழுவச் சொல்வார்கள், அது இன்னும் மோசம். காய்ந்த பிரஷால் தட்டி, விழும் தூளைக் கூட்டி அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள், சுவரடியில் விடாதீர்கள்.

"சுண்ணாம்பில் கட்டியது, இனி எவ்வளவு நாளைக்குத் தாங்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். புளியந்தீவுக் கோட்டையைப் போய்ப் பாருங்கள். போர்த்துக்கீசர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. இன்று நாம் பாவிக்கும் போர்ட்லாண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்ததே 1824இல்தான். அந்தக் காலத்துச் சுவருக்குள் சீமெந்து இருக்க வழியில்லை, வாவித் தண்ணீர் பக்கத்திலேயே நிற்கிறது.

எந்த வேலை முதலில், எது பிறகு

முதல் வேலை சுவரில் இல்லை, முற்றத்தில். சுவரைச் சுற்றி 3 அடி அகலத்துக்காவது கிறவலை அள்ளி, பழைய மட்டம் வரை இறக்குங்கள். வெளி நிலம் உள் தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும், கூடுதலாகத் தாழ்ந்தால் இன்னும் நல்லது. அந்த இடத்தைக் கொங்கிறீற் போட்டு மூடாதீர்கள், ஆவியாக வேண்டிய ஈரம் அதற்குக் கீழே அடைபட்டுச் சுவர்ப்பக்கம்தான் திரும்பும். சல்லி பரப்பி, வீட்டிலிருந்து விலகிப் போகிற மாதிரிச் சரிவு கொடுங்கள். அத்திவாரத்தை விட ஆழமாக மட்டும் எங்கேயும் தோண்டக்கூடாது, நம் பக்கத்து மணல் நிலத்தில் அது ஆபத்து. வெள்ளம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, எனவே வளவின் மற்றப் பகுதி உயர்ந்தே இருக்கட்டும், சுவரோரத்தில் சேரும் தண்ணீர் தெருக் கானுக்கோ தாழ்ந்த பக்கத்துக்கோ ஓட வழி வையுங்கள். பீலி போடுங்கள். கிணற்றடித் தண்ணீரும் வாழைக்கு விடும் தண்ணீரும் சுவரடிக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது அந்தச் சீமெந்துப் பூச்சு. அதைக் கழற்ற வேண்டும், ஆனால் இயந்திர உளி வேண்டாம், கைஉளியால் மெதுவாக. பொள்ளென்று இருக்கும் இடம் தகடு மாதிரி வந்துவிடும். செங்கல்லை இறுக்கிப் பிடித்திருக்கும் இடங்களில் அடம்பிடித்தால் செங்கல் முகமும் சேர்ந்து வரும், அந்த இடங்களை விட்டு வைப்பது புத்தி.

பிறகு காயவிடுங்கள். இதுதான் யாருக்கும் பிடிக்காத பகுதி. தடித்த சுவர் ஓர் அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு, உங்கள் சுவர் 14 அங்குலம், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு வருடம் பூசாத சுவரோடு இருக்க வேண்டி வரும், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கதை கேட்பார்கள். கேட்கட்டும். அவசரமென்றால் இடைக்காலத்துக்குச் சுண்ணாம்பும் மணலும் மட்டும் சேர்த்த ஒரு மெலிந்த பூச்சுப் பூசுங்கள், உப்பு அதற்குள் வந்து சேரும், உதிரத் தொடங்கும்போது அதைச் சுரண்டி எறிந்துவிட்டுத் திரும்பப் பூசலாம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பு சுவரை விட்டு வெளியே போகிறது. பூச்சு உதிர்கிறதே என்று கவலைப்படாதீர்கள், அதற்காகத்தான் அதைப் பூசுகிறோம்.

மூட்டுகளில் சாந்து கரைந்த இடங்களை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் தட்டி, நனைத்து, சுண்ணாம்புச் சாந்தால் நிரப்ப வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மணல் ஆற்றுமணலாக இருக்கட்டும், கடல் மணல் கூடவே கூடாது, எவ்வளவு கழுவியது என்று சொன்னாலும். கடையில் பையில் வரும் நீற்றிய சுண்ணாம்பை வாங்கி, மூடியுள்ள பரலில் தண்ணீர் மூடி நிற்க ஊறப்போட்டு, சில கிழமை விட்டால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். ஈரமான அடிப்பகுதிக்கு நன்றாக அரித்த செங்கல் தூளைக் கொஞ்சம் சேர்த்தால் இறுகுவது சுலபம். கண்ணில் தெறித்தால் சுண்ணாம்பு பொல்லாதது, வேலை செய்கிறவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். கருங்கல் மூட்டுகளையும் இதே சாந்தால்தான் நிரப்ப வேண்டும். கல் உறுதியானது, ஒன்றும் ஆகாது என்று அங்கே மட்டும் சீமெந்து திணிப்பார்கள், ஆனால் கருங்கல்லுக்குள் ஈரம் போகாது, மூட்டுத்தான் அதற்கு இருக்கும் ஒரே வாசல், அதை அடைத்தால் எல்லாம் மேலே செங்கல்லுக்குத்தான் ஏறும்.

காலம் பார்த்துச் செய்யுங்கள். மாரியில் முடியாது. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பூசினால் சுண்ணாம்பு இறுகுமுன் காய்ந்து தூளாகப் போகும். மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். கச்சான் காலத்தில்தான் மேசன் கிடைத்தார் என்றால், ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு கிழமைக்காவது காலையும் மாலையும் தெளிக்க ஆள் வேண்டும். மேலே பெயின்ற் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையடியுங்கள்.

ஊசி மூலம் மருந்து ஏற்றி ஈரத்தைத் தடுக்கலாம் என்று யாராவது வந்தால், இதெல்லாம் முடிந்து இரண்டு மாரி போன பிறகு வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

குசினி வெடிப்பு

படம் அனுப்பவில்லை, அதனால் அறுதியாகச் சொல்ல மாட்டேன். ஜன்னல் மூலையிலிருந்து சரிவாகப் போகும் வெடிப்பென்றால் முதலில் ஜன்னலுக்கு மேல் கிடக்கும் மரத்தைப் பார்க்க வேண்டும், கறையான் தின்றிருக்கலாம், ஈரத்தில் உக்கியிருக்கலாம். இரும்பு வைத்திருந்தால் கறள் ஏறிப் பருத்துச் செங்கல்லைத் தூக்கும். மரம் நல்லதென்றால் அத்திவாரம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கீறித் திகதி எழுதுங்கள், அகலத்தையும் எழுதி வையுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் அப்படியே நின்றால் அது பழைய வெடிப்பு, சாந்து திணித்துவிட்டு மறந்துவிடலாம். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, 5 மில்லிமீற்றருக்கு மேல் அகன்றாலோ, கதவு ஜன்னல் இறுகத் தொடங்கினாலோ பொறியியலாளர் ஒருவரை நேரில் கூட்டிவந்து காட்டுங்கள்.

மதிலும் மாமியும்

இங்கே அவசரம் உண்டு. தூக்குக்குண்டு ஒன்றை மதில் உச்சியிலிருந்து விட்டுப் பாருங்கள். 9 அங்குல மதில் உச்சியில் 3 அங்குலத்துக்கு மேல் வெளியே நின்றால், அடியில் ஒரு பக்கம் இழுபடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், சுண்ணாம்புச் சாந்து இழுவையைத் தாங்காது. அப்படியென்றால் இன்றைக்கே முட்டுக் கொடுத்து, பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடுவதை நிறுத்துங்கள். சாய்வதற்குக் காரணம் மதிலின் வயதில்லை, மாமி பக்கம் இரண்டரை அடிக்கு மண் நிரப்பியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், வெறும் மதிலை அணைக்கட்டாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு மழையிலும் ஊறிய மண் தள்ளும். அந்த மண்ணை மதிலிலிருந்து விலக்கினால்தான் என்ன திருத்தமும் நிற்கும். அடியில் தண்ணீர் போகத் துளை விடுவது உதவும், அது மட்டும் போதாது. கழற்றிக் கட்ட வேண்டி வந்தாலும் செங்கல்லை எறிய வேண்டாம், சுண்ணாம்புச் சாந்து தட்டினால் கழன்றுவிடும், அதே கல்லைத் திரும்ப வைக்கலாம்.

உரிமை விஷயம். நான் சட்டத்தரணி இல்லை, இந்தத் தொழிலில் அடிக்கடி முட்டுப்படுவதால் தெரிந்ததைச் சொல்கிறேன். வெள்ளையடித்ததால் மதில் யாருக்கும் சொந்தமாகாது. 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் வரும் பத்து வருடம் என்பது, உரியவரின் உரிமையை மறுத்து, இடையீடு இல்லாமல் ஆட்சி செய்கிற பத்து வருடம், தன் பக்கத்துச் சுவரைச் சுத்தமாக வைத்திருப்பது அதுவல்ல. அதே நேரம், மதில் உங்களுடையதேதான் என்று நீங்கள் நினைப்பதும் காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் பார்க்காமல் சொல்ல முடியாத விஷயம். எல்லைக்கோட்டின் மேலேயே மதில் நின்றால் இரண்டு பேருக்கும் பொதுவானதாகவே பெரும்பாலும் கொள்ளப்படும், ஒருவர் தனியாக இடிக்கவும் முடியாது, பலவீனப்படுத்தவும் முடியாது. படத்தில் சந்தேகம் இருந்தால் நில அளவையாளரைக் கொண்டு எல்லையைப் பிடியுங்கள், அதற்கு முன் ஒரு கல்லையும் கழற்றாதீர்கள்.

மாமியோடு முதலில் வாயால் பேசுங்கள், யாருடைய மதில் என்ற பேச்சை ஒதுக்கி வைத்து, விழுந்தால் யார்மேல் விழும் என்பதைப் பேசுங்கள். சாய்வைக் காட்டும் படங்களைத் திகதியோடு எடுத்து வையுங்கள், ஒரு கடிதமும் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள், ஏனென்றால் ஆபத்தென்று தெரிந்தும் சும்மா இருந்தவர்மேல்தான் பிறகு நட்டஈட்டுக் கேள்வி வரும், அது நீங்களாகவும் இருக்கலாம். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குவது, இப்படியான வேலிச் சண்டைகள் அங்கே நிறையத் தீர்கின்றன. வழக்கென்று போனால் மதில் காத்துக்கொண்டிருக்காது.

அண்ணனின் சிலாப்

இதில் வளைந்து கொடுக்க என்னால் முடியாது. நூறு வருடச் சுண்ணாம்புச் சுவர்மேல், அதுவும் அடியில் ஈரத்தோடு நிற்கும் சுவர்மேல், கொங்கிறீற் சிலாப்பும் இரண்டு அறையும் ஏற்றக் கூடாது. அந்த அத்திவாரம் ஓட்டுக் கூரையைத் தாங்கக் கட்டியது. மேலே அறை தேவையென்றால் தனித் தூண், தனி அத்திவாரம் வைத்துப் பின்பக்கம் புதிதாகக் கட்டலாம், பழைய சுவரோடு இறுக்கிப் பிணைக்காமல். அதற்கு மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வரைபட அனுமதி எடுக்க வேண்டும். பூச்சு, மூட்டு வேலைகளுக்கு அப்படியான அனுமதி பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

முழுக்க இடிப்பது பற்றி: அது உங்கள் குடும்பத்தின் முடிவு, நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் 6 அங்குலச் சீமெந்துக் கல் வீட்டில் கச்சான் மாதத்து மத்தியானத்தை யோசித்துப் பாருங்கள், 14 அங்குலச் சுவருக்குள் இருந்து பழகிய உடம்பு. இன்னொன்று, வீடு சீதனமாக உங்கள் பெயருக்கு எழுதியது என்று ஓரிடத்தில் சொல்கிறீர்கள். அப்படியென்றால் முடிவு உங்களுடையது, அண்ணன் பணம் தருபவர், அவ்வளவுதான். உறுதியில் அம்மா சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை, வைத்திருக்கிறாரா என்று பாருங்கள், வைத்திருந்தால் அவருடைய சம்மதம் இல்லாமல் ஒரு கல்லும் அசையக் கூடாது. அண்ணனுக்கு இந்தப் பதிலையே அனுப்பலாம். அவர் அனுப்ப நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கூரைக்குக் கேளுங்கள், நீண்ட தாவாரத்தோடு, பீலியோடு. சுவருக்குச் செய்யும் நல்ல செலவு அதுதான்.

தொல்பொருள் திணைக்களம் பற்றிய பயம் தேவையில்லை. 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் என்பதற்கு எடுக்கும் எல்லை 1815 மார்ச் 2. உங்கள் வீடு அதற்கு நூறு வருடம் பிந்தியது, பழையது என்பதற்காக மட்டும் தானாக அதற்குள் வராது. பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க முடியும், ஆனால் அது பெயர் சொல்லி அறிவிக்கிற விஷயம். மனதுக்கு நிம்மதி வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

விறாந்தைத் தூண்களும் செங்கல்லும் சுண்ணாம்பும் என்றால் எனாமல் வேண்டாம், ஒரே மாரியில் கொப்புளம் போடும். பழைய எனாமல் ஏற்கனவே இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளைச் சுண்ணாம்பில் கொஞ்சம் காவி கலந்து மூன்று மெல்லிய பூச்சு அடியுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.